பாரிஸில் பரமபதம், கூலி யார் கணக்கில்?

2025-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி பாரிஸ் நகரில், பாம்பிது கலை மையத்தின் முன்னாலுள்ள சதுக்கத்தில் பரமபதப் படம் விரிக்கப்பட்டது. வைகுண்ட ஏகாதசி இரவில் விழித்திருக்க நம் பாட்டிமார் விரித்த காகிதப் படம் அல்ல. மனிதர்கள் ஏறி நடக்கும் அளவுக்குப் பெரிய தளம். ஏணியும் பாம்புமாக அதை அமைத்துக் கொடுத்தவர் மும்பையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் பிஜோய் ஜெயின். அதன் மேல் நடந்தவர்கள் லூயி வுய்ட்டன் கம்பெனியின் ஆண்கள் உடைகளை அணிந்த அழகர்கள். அந்தப் பிரிவின் தலைவர் ஃபாரெல் வில்லியம்ஸ் அமெரிக்கப் பாடகர், தையற்காரர் அல்ல. அன்று ஒலித்த பாடல்களில் ஒன்றான 'யாரா'வில் அவரோடு சேர்ந்து இசையமைத்தவர் ஏ. ஆர். ரஹ்மான்.

சென்னையில் வளர்ந்த ஒருவர் பாரிஸ் சதுக்கத்தில் ஒலிக்கிறார் என்றால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழர்களுக்குப் பெருமை வராமல் இராது, வரட்டும். ஆனால் அந்தக் கம்பெனியின் கைப்பை ஒன்றின் விலை மும்பையில் ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம். அதை வாங்கப் போகாதவர்களுக்கும் இதில் அக்கறை உண்டு. காரணம், இந்த வியாபாரத்தின் ஊசியும் உளியும் பெரும்பாலும் இந்தியக் கைகளில் இருக்கின்றன. ஊர் விட்டு ஊர் வந்து, குறுகிய அறைகளில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் கைகள் அவை.

பணக்காரச் சரக்கு விற்பவர்களுக்கு ஓவியரும் பாடகரும் ஏன் தேவைப்படுகிறார்கள்? ஒரு பையில் தோலுக்கும் நூலுக்கும் கூலிக்கும் ஆகும் செலவு அதன் விலையில் சிறு பகுதிதான். மற்றதெல்லாம் பெயருக்குக் கொடுக்கிற விலை. பெயர் என்பது பித்தளைப் பாத்திரம் மாதிரி. துலக்காவிட்டால் மங்கிப் போகும். துலக்குவதற்குப் புளி வேண்டும். அந்தப் புளிதான் கலைஞர். 2003-இல் லூயி வுய்ட்டன் ஜப்பானிய ஓவியர் டகாஷி முரகாமியை அழைத்தது. பழுப்பு நிறப் பையில் நூறாண்டாக அச்சாகி வந்த எழுத்துகளை அவர் 33 வண்ணங்களில் மாற்றிக் கொடுத்தார். பைகள் பறந்தன. 2007-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நவீனக் கலைக் காட்சியகத்தில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்தபோது, கண்காட்சிக்கு நடுவிலேயே அந்தக் கம்பெனியின் கடையும் திறந்திருந்தது. சுவரில் தொங்குவது கலை, அலமாரியில் இருப்பது சரக்கு என்ற கோடு அன்றோடு அழிந்தது. 2015-இல் நிறுத்திய அந்த வண்ணப் பைகளை 2025 ஜனவரியில் மறுபடியும் கொண்டுவந்தார்கள். இன்னொரு ஜப்பானிய ஓவியரான யயோய் குசாமா 2012-லும் 2023-லும் புள்ளி வைத்துக் கொடுத்தார்.

இதைக் கலையின் வீழ்ச்சி என்று சிலர் புலம்புகிறார்கள். அப்படிப் புலம்ப வேண்டியதில்லை. கலைஞருக்கு யாராவது படி அளந்துதான் ஆகவேண்டும். முன்பு அரசர், பிறகு ஜமீன், அப்புறம் சபா, இப்போது கம்பெனி. சரபோஜி மன்னரின் அழைப்பைத் தியாகராஜர் ஏற்க மறுத்தார் என்ற கதையை நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம் என்றால், ஏற்றவர்கள் எத்தனை பேர் என்பது அதிலிருந்தே விளங்கும்.

இந்தியாவுக்கும் இது புதிதல்ல. ஏர் இந்தியா விமானத்தில் ஏறுவதே ஒரு ஆடம்பரமாக இருந்த காலத்தில், 1956-இல், அந்தக் கம்பெனி பி. பிரபா என்ற இளம் பெண் ஓவியரிடம் ஆறு ஓவியங்களை வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் கொடுத்த விலை ரூ.87.50. பிறகு பல ஓவியர்களுக்குப் பணத்துக்குப் பதிலாக விமான டிக்கெட் கொடுத்துப் படம் வாங்கிய கதையும் உண்டு. சுமார் 4,000 கலைப் பொருள்கள் இப்படிச் சேர்ந்தன. கம்பெனி 2022 ஜனவரியில் டாட்டாவின் கைக்குப் போனது. படங்களோ அரசிடமே தங்கி, 2023-இல் தேசிய நவீனக் கலைக்கூடத்தின் பொறுப்புக்கு வந்தன. 87 ரூபாய் 50 காசு அன்றைக்கு அற்பத் தொகை இல்லை என்று வாதிடலாம். ஆனால் பின்னால் கோடிகளில் மதிப்பிடப்பட்டபோது, அந்த மதிப்பில் ஓவியருக்குப் பங்கு இருந்ததா என்பதே கேள்வி.

இதே ஏர் இந்தியா 1967-இல் ஸ்பெயின் நாட்டு ஓவியர் சால்வடார் டாலியிடம், முதல் வகுப்புப் பயணிகளுக்குப் பரிசளிக்க ஒரு சாம்பல் கிண்ணம் வடிவமைத்துத் தரச் சொன்னது. சிப்பி போன்ற கிண்ணம், சுற்றி ஒரு பாம்பு, கீழே தாங்குவதற்கு அன்னமும் யானைத் தலையும். அன்னத்தைத் தலைகீழாகப் பிடித்தால் யானை மாதிரி, யானையைத் தலைகீழாகப் பிடித்தால் அன்னம் மாதிரி. சன்மானமாக அவர் பணம் கேட்கவில்லை, யானைக்குட்டி கேட்டார்! பெங்களூரிலிருந்து ஒரு குட்டி விமானம் ஏறி ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து லாரியில் அவருடைய ஊரான காடகேஸ் போய்ச் சேர்ந்தது. வேடிக்கைதான். ஆனால் பேரம் பேசத் தெரிந்த கலைஞருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடையாது. ஒருவருக்கு யானை, இன்னொருவருக்கு ரூ.87.50. யானையோடு கூடப் போன பாகனைப் பற்றி ஒரு வரிக்கு மேல் சொல்பவர் அரிது.

பெயர் உள்ளவரைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. டாலியும் முரகாமியும் ரஹ்மானும் தங்கள் வக்கீல்களைக் கொண்டு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளக் கூடியவர்கள். இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் இந்நாட்டுச் சட்டமும் துணை நிற்கிறது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, சினிமாவுக்கு எழுதிய பாட்டு தியேட்டருக்கு வெளியே சம்பாதிக்கும் ராயல்டியில் தமக்குரிய பங்கை அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் இழக்க முடியாது என்று ஆயிற்று. மாநிலங்கள் அவையில் இதற்காக வாதாடியவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். பாட்டு எழுதுகிறவருக்குக் கிடைத்த இந்தக் காப்பு, பூ வேலை செய்கிறவருக்கு இல்லை.

அந்தப் பூ வேலையைப் பார்ப்போம். 2023 மார்ச் 30-ஆம் தேதி இரவு, மும்பை கேட்வே ஆப் இந்தியாவின் முன் பிரெஞ்சுக் கம்பெனியான டியோர் தன் உடைக் காட்சியை நடத்தியது. வாசலில் பிரமாண்டமான தோரணம் ஒன்று தொங்கியது. வீட்டு வாசலில் கட்டும் தோரணத்தின் அதே வடிவம், முழுக்கக் கைவேலை. செய்தவர்கள் மும்பையின் சாணக்யா கைவினைப் பள்ளியைச் சேர்ந்தவர்கள். அப்போது டியோரின் பெண்கள் உடைப் பிரிவின் தலைவராக இருந்த மரியா கிராசியா கியூரி அந்தப் பள்ளியின் பெயரை ஊரறியச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு, 2022 ஜனவரியில், டில்லியைச் சேர்ந்த ஓவியத் தம்பதி மனு பாரேக், மாதவி பாரேக் இருவரின் ஓவியங்களை இதே பள்ளியினர் நூலில் தைத்து, பாரிஸ் ரோடான் காட்சியக வளாகத்தில் டியோர் காட்சியின் சுவர்களாகத் தொங்கவிட்டார்கள். ஓவியர் பெயர் வந்தது. பள்ளியின் பெயர் வந்தது. இது முன்னேற்றம் என்பதை மறுக்கக் கூடாது. அதற்கு முன் பல்லாண்டுகள், ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு மும்பையில் பூ வேலை நடக்கிறது என்பதையே வெளியில் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார்கள்.

மறைப்பதற்குச் சட்டமே வழி விடுகிறது. ஒரு சரக்கு எந்த நாட்டுத் தயாரிப்பு என்பது, அதன் முக்கியமான கடைசி வேலை எங்கே நடந்தது என்பதை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. மும்பையில் ஒருவர் மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஆரி ஊசியால் வாரக்கணக்கில் மணி கோத்திருக்கலாம். துணி விமானம் ஏறி பாரிஸில் வெட்டித் தைக்கப்பட்டால், கழுத்துப் பட்டியில் 'பிரான்சில் தயாரித்தது' என்று வரும். பொய் என்று வழக்குப் போட முடியாது. இந்தச் சட்டத்தின் முன் முதுகு வளைத்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தவரின் கதைக்கும் அவர்களுடைய கதைக்கும் ரயில் மட்டும்தான் வேறு. 2016-இல் சில ஐரோப்பியக் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து, மும்பைப் பட்டறைகளின் நிலைமையைச் சீர்செய்ய 'உத்தான்' என்ற திட்டத்தை வகுத்தன. விரும்பினால் சேரலாம், விரும்பாவிட்டால் விலகலாம் என்ற ரகத்து ஏற்பாடு அது.

கோலாப்பூர் செருப்பின் பாடம்

லூயி வுய்ட்டன் பரமபதம் விரித்ததற்கு இரண்டே நாள் முன்பு, மிலான் நகரில் பிராடா கம்பெனியின் காட்சி நடந்தது. அழகர்கள் காலில் இருந்தது சாட்சாத் கோலாப்பூர் செருப்பு. கம்பெனி வைத்த பெயர் 'தோல் செருப்பு' என்பதுதான். மும்பை நடைபாதையில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் பொருளுக்கு அங்கே லட்சத்துக்கு மேல் விலை என்று பேச்சு எழுந்தது. மகாராஷ்டிரத்தில் கொதிப்பு கிளம்பியது. மாநில வணிக சபை கடிதம் எழுதியது. இந்தியக் கைவினையிலிருந்து எடுத்த வடிவம்தான் என்று பிராடா ஒப்புக்கொண்டது.

கோலாப்பூர் செருப்புக்கு 2019-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் நான்கு, கர்நாடகத்தில் நான்கு, ஆக எட்டு மாவட்டங்களுக்கு அந்தப் பெயர் உரியது. பலர் நினைப்பதுபோல் அது வடிவத்தைக் காப்பதில்லை. பெயரைத்தான் காக்கும்; அதுவும் இந்திய எல்லைக்குள்தான். பிராடா பெயரைத் தொடவில்லை, வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆகவே பிடி கிடைக்கவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போன பொதுநல மனுவும் 2025 ஜூலையில் தள்ளுபடியாயிற்று. புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம் என்று ஊர்தோறும் மாலை மரியாதை நடக்கிறது. மதுரை மல்லிக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் அது இருக்கிறது. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதைக் கோலாப்பூர் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

நீதிமன்றம் செய்யாததைக் கூச்சல் செய்தது. 2025 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் தோல் தொழில் வளர்ச்சிக் கழகமான லிட்காமும் கர்நாடகத்தின் லிட்காரும் பிராடாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. இரு மாநிலக் கைவினைஞர்களைக் கொண்டு 2,000 ஜோடி செருப்பு செய்வது, ஜோடி சுமார் 800 யூரோவுக்கு, அதாவது ரூ.80,000-க்கு மேல், 2026 பிப்ரவரி முதல் உலகக் கடைகளில் விற்பது, கைவினைஞர்களுக்குப் பயிற்சி தருவது என்று அறிவித்தார்கள். செருப்புத் தைப்பதில் தலைமுறை தலைமுறையாய் ஊறியவருக்கு இத்தாலிக்காரர் பயிற்சி தருவது ஒருவகையில் சிரிப்புதான். இருந்தாலும் திருட்டுப் பட்டம் வாங்கிய சரக்கு, ஆறே மாதத்தில் கூட்டுச் சரக்காக மாறியது சின்ன விஷயமல்ல.

பட்டறைக்காரரே கையெழுத்திட்டால்

தாராவியில் தோல் தொழிலை ஊன்றியவர்களில் திருநெல்வேலி முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தார்கள். தோல் பதனிடும் தொட்டிகள் போய்விட்டன. பை தைக்கும் பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. 2015-இல் மகாராஷ்டிரத்தில் வந்த மாட்டிறைச்சித் தடையால் மாட்டுத் தோல் வரத்து குறைந்து, பல பட்டறைகளில் வேலை நின்றது. அப்போது சுதீர் ராஜ்பர் என்ற ஓவியர், அந்தத் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டு பழைய ரப்பரில் பையும் நாற்காலியும் செய்ய ஆரம்பித்தார். கம்பெனிக்கு அவர் வைத்த பெயர் 'சமார் ஸ்டுடியோ'. வசவாகச் சொல்லப்படும் ஜாதிப் பெயரையே விலையுயர்ந்த சரக்கின் முத்திரையாக்கினார். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மியாமி நகரக் கண்காட்சியில் அவர்களுடைய நாற்காலிகள் உட்கார்ந்தன. கம்பெனி கலைஞரைத் தேடிப் போகவில்லை. கலைஞரே தொழிலாளரைத் தேடிப் போனார். அளவில் சிறியது, எத்தனை குடும்பத்துக்குச் சோறு போடும் என்ற சந்தேகமும் நியாயமானது. ஆனால் யார் செய்தது என்ற கேள்விக்கு அந்த நாற்காலியில் பதில் இருக்கிறது. கேட்வேயில் தொங்கிய தோரணத்தில் பள்ளியின் பெயரளவுக்குத்தான் பதில் இருந்தது.

மும்பையிலும் பெங்களூரிலும் ஆரி வேலையும் தோல் வேலையும் செய்கிற தமிழர்கள் இந்தச் செய்திகளைப் பெருமைச் செய்தியாக மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடக் கூடாது. லிட்காமும் லிட்காரும் அரசுக் கழகங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வருபவை. பத்து ரூபாய் கட்டணத்தில் எவரும் மனுப் போடலாம். 800 யூரோவில் தைத்தவரின் கைக்குப் போவது எத்தனை ரூபாய், கூலி துண்டுக்கா நாளுக்கா, 2,000 ஜோடி தீர்ந்த பிறகும் அதே வடிவத்தைக் கம்பெனி விற்றால் பங்கு உண்டா, செருப்பின் அடியில் செய்தவரின் ஊர்ப் பெயராவது பொறிக்கப்படுமா என்று கேட்கலாம். மனுவை எழுதித் தர மாட்டுங்காவில் குமாஸ்தாக்களுக்குப் பஞ்சமில்லை.