மோட்டார் கம்பெனிகளின் பொறுப்பும் பிரஜைகளின் உயிரும்

கோட்டையின் உறுதிக்கு அதைக் கட்டியவன் வாய்மொழி சாட்சியாகாது. ஜுல்பிகார் கானின் மொகலாய சேனை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுத் தவித்தபோதுதான் நமது செஞ்சிக் கோட்டையின் வலிமை தேசமெங்கும் தெரிந்தது. மோட்டார் வண்டிக்கும் நியாயம் அதுவே. செய்து விற்பவனே பத்திரமானதென்று சொன்னால் போதாது, பிறர் சோதிக்கவேண்டும். பழுது வெளிப்பட்டால் செய்தவன் திருத்தித் தரவேண்டும்.

மாருதி சுஸுகி கம்பெனியின் சியாஸ் என்னும் சிறு செடான் வண்டியை உதாரணமாகக் கொள்வோம். எஞ்ஜினுக்குத் துணைநின்று பெட்ரோலை மிச்சப்படுத்தும் மோட்டார் ஜெனரேட்டர் கொண்ட ஹைபிரிட் வண்டி இது. அவ்வுறுப்பில் பழுதிருக்கலாமென்று 2019 டிசம்பரில் சியாஸ், எர்டிகா, எக்ஸ்எல்6 வகைகளில் 63,493 வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்தது. அதே உறுப்பின் பொருட்டு 2021 செப்டம்பரில் சியாஸ் உட்பட ஐந்து வகைகளில் 1,81,754 வண்டிகள் அழைக்கப்பட்டன. முன் ஸீட் பெல்ட்டின் உயரத்தை மாற்றும் பாகத்துக்காக 2022 டிசம்பரில் மீண்டும் 9,125 வண்டிகள். அவற்றிலும் சியாஸ் உண்டு.

இதற்காகக் கம்பெனியை நாம் நிந்திக்கவில்லை. குற்றத்தை மறைப்பவனினும் ஒப்புக்கொண்டு இலவசமாகத் திருத்துபவன் மேலானவன். அவ்வழைப்பு யார் காதில் விழுகிறது என்பதே நம் கேள்வி.

2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், பழுதான வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிடச் சர்க்காருக்கு அதிகாரம் அளித்தது. 2021 ஏப்ரல் முதல் அமலான விதிகள் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதித்தன. ஆயினும் ஏழாண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இக்கட்டாயம். 2018-இல் செய்த சியாஸ்களுக்கு 2025-இலேயே அந்தக் கெடு தீர்ந்துவிட்டது. அவ்வாண்டே சியாஸ் விற்பனையும் நின்றது. பட்டணத்தில் ஓடிய வண்டி கைமாறி நம் போன்ற ஊர்களுக்கு வருவது பல சமயம் அதற்குப் பின்னரே. சட்டத்தின் காவல் முடியுமிடத்தில் ஏழையின் சவாரி தொடங்குகிறது!

நட்சத்திர மதிப்பீட்டிலும் இக்குறை உண்டு. தென்கிழக்காசியச் சோதனையில் 2016-இல் சியாஸ் நான்கு நட்சத்திரம் பெற்றது. நமது பாரத் என்கேப் திட்டமோ 2023 அக்டோபர் 1-ஆம் தேதிதான் தொடங்கியது. முன்பக்க மோதலுக்குச் சட்டம் கேட்பது 56 கிலோமீட்டர் வேகச் சோதனை, நட்சத்திரத்துக்கு 64. ஆனால் அச்சோதனைக்கு வண்டியைக் கொடுப்பது கம்பெனியின் இஷ்டம். பரீட்சைக்கு வருவதும் வராததும் மாணாக்கனின் விருப்பமானால் தேர்ச்சிப் பட்டியலுக்கு மதிப்பேது?

ஆகவே சர்க்கார் செய்யவேண்டியவை மூன்று. ஒவ்வொரு வண்டி வகைக்கும் மதிப்பீடு கட்டாயமாகட்டும். ஏழாண்டு எல்லை நீங்கட்டும். கைமாறும் வண்டியின் பதிவை மாற்றுமுன், சேஸிஸ் எண்ணைக் கொண்டு பழுது திருத்தப்பட்டதா என்று போக்குவரத்து அலுவலகம் பார்க்கட்டும். அதுவரை, பழைய வண்டி வாங்கும் நண்பர்கள் விலை பேசுமுன் கம்பெனியிடம் அவ்வெண்ணைச் சொல்லி விசாரிப்பார்களாக.

இந்நாட்டுத் தொழில் ஓங்கவேண்டுமென்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயமில்லை. ஆனால் பிரஜையின் உயிரைக் காவாத தொழிலால் தேசத்துக்குப் பெருமை வாராது.