தானே முடையும் நுண்பொருள்: வயலுக்கு எப்போது?

பரிசோதனைச் சாலையில் தோன்றும் விந்தையெல்லாம் மறு பருவமே வயலுக்கு வந்துவிடும் என்று நம்புதல் தவறு. ஒருகாலும் வராது என்று தள்ளிவிடுதலும் தவறு. டி.என்.ஏ. இழையையும் செயற்கைப் பாலிமரையும் கொண்டு நுண்ணிய உருவங்கள் அமைக்கும் வித்தை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாகும்.

டி.என்.ஏ. என்பது உயிர்களின் பரம்பரைக் குணங்களைத் தாங்கும் இழை. இதன் நான்கு எழுத்துகளுள் ஒவ்வொன்றும் தனக்குரிய இணையோடு மட்டுமே சேரும். இந்நியதியைக் கொண்டு, 2006-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பால் ராத்மண்ட் என்பவர், 7,000 எழுத்துகளுக்கு மேற்பட்ட நீண்ட இழையொன்றை 200-க்கு மேற்பட்ட குட்டை இழைகளோடு உப்பு நீரிலிட்டுச் சூடாக்கி ஆறவைத்தார். முடைவார் கையின்றியே கீற்று முடைந்துகொள்வதுபோல அவை தாமே மடிந்து, ஏறக்குறைய 100 நானோமீட்டர் அகலமுள்ள உருவங்களாயின. ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சம் நானோமீட்டர் அடங்கும்.

பாலிமர் சேர்ந்தால் வேறொரு பயன் உண்டு. 2004-ல் நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையார் டி.என்.ஏ.யின் ஒரு முனையில் பாலிஸ்டைரீனைப் பிணைத்தனர். நீரை வெறுக்கும் பாலிஸ்டைரீன் உள்ளே ஒதுங்க, நீரை விரும்பும் டி.என்.ஏ. வெளியே நிற்க, நுண்ணிய உருண்டைகள் தாமே உண்டாயின. சவர்க்காரம் எண்ணெய்ப் பிசுக்கைச் சூழ்ந்துகொள்வதும் இத்தகையதே.

பயிருக்கு இவற்றால் ஆவதென்ன? பயிரின் ஒவ்வொரு உயிரணுவையும் கெட்டியான சுவர் காக்கிறது. மருந்து எளிதில் உட்புகாது. 2019-ல் பெர்க்லி சர்வகலாசாலையார், புகையிலை இனத்துச் செடியொன்றின் இலைக்குள் டி.என்.ஏ. உருவங்களைச் செலுத்தி, அவை சுமந்து சென்ற சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளால் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் வேலையை அடக்கிக் காட்டினர். உருவத்தின் அளவும் விறைப்பும் உட்புகுதலை நிர்ணயிப்பதும் அதில் புலனாயிற்று.

ஆயினும் அங்கே அடக்கப்பட்டது, சோதனைக்கென்று செடியில் முன்னமே புகுத்தப்பட்டிருந்த, பச்சை ஒளி வீசும் மரபணுவே, நோய் அன்று. மருந்து செலுத்தப்பட்டது ஊசியில்லாப் பீச்சுக்குழலால் ஒவ்வோர் இலையாக. தெளிப்பானால் ஏக்கர்க்கணக்கில் அன்று. வெயிலும் மழையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் இத்தகைய இழைகளைச் சிதைக்கவல்லவை. இவற்றைத் தாங்கி நிற்குமா, செலவு கட்டுமா என்பவற்றை வயல் சோதனைதான் சொல்ல வேண்டும்.

ஆகையால் ‘நானோ’ என்னும் ஒரு சொல் புட்டியின்மேல் அச்சிட்டிருப்பது கண்டு குடியானவர் பணப்பையை அவிழ்த்தல் ஆகாது. எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு, ஏக்கருக்கு எவ்வளவு, எங்கே பரீக்ஷை செய்யப்பட்டது என்று கேட்க வேண்டும். பதிவு எண்ணும் ரசீதும் இன்றி எதையும் வாங்கலாகாது. வாங்குவோரும் முதலில் ஒரு பாத்தியில் மட்டும் இட்டு, மருந்திடாத பாத்தியை அருகே வைத்து, இரண்டின் மகசூலையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பாராக. வாய்ச்சொல்லை நம்பிக் கடன்பட்ட குடும்பம் மீள்வதற்குப் பல பருவங்கள் ஆகும். கிராம அதிகாரிகள் இதனைத் தம் ஊராருக்கு எடுத்துச் சொல்வது கடமை.

விஞ்ஞானத்தின்பால் மதிப்பு வேண்டும். விற்பனையின்பால் விசாரணை வேண்டும்.