ஸ்பானர் யார் கையில் இருக்க வேண்டும்?

மாணவ நண்பர்களே, பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் தெருமுனையில் நிற்கும் அடிபம்பைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அதைக் கடக்கும்போது அதிலுள்ள நட்டுகளைச் சற்று உற்றுப் பாருங்கள். அந்தப் பம்பைப் பழுது பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை அந்த நட்டுகளே சொல்லிவிடும்.

வழக்கத்துக்கு மாறான ஒரு நட்டைக் கண்டால் முதலில் அதன் பக்கங்களை எண்ண வேண்டும். பிறகு எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை வெர்னியர் அளவியால் அளக்க வேண்டும். ஸ்பானரின் எண் இந்தத் தூரமே ஆகும். போல்ட்டின் பருமன் அன்று. 12 மி.மீ. பருமனுள்ள போல்ட்டுக்குப் பழைய முறைப்படி 19 மி.மீ. ஸ்பானர் வேண்டும்; பிற்காலச் சர்வதேச அளவின்படி 18 மி.மீ. ஸ்பானர் வேண்டும். மூன்றாவதாக, மரை எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் சைக்கிளின் இடது பெடல் மட்டும் எதிர்த்திசை மரை கொண்டது. இதை அறியாமல் பலத்தைக் காட்டினால் அது மேலும் இறுகுமே தவிரக் கழலாது. கட்டிங் பிளேயரால் திருகினாலோ, நட்டின் மூலைகள் மழுங்கிப் பிறகு சரியான ஸ்பானருக்கும் பிடி கொடுக்காது.

சில நட்டுகள் வேண்டுமென்றே விசித்திரமாகச் செய்யப்படுகின்றன. அமெரிக்கத் தெருக்களில் உள்ள தீயணைப்புக் குழாய்களின் நட்டுக்குப் பெரும்பாலும் ஐந்து பக்கங்கள் இருக்கும். ஐங்கோணத்தில் எந்த இரு பக்கங்களும் இணையாக இல்லை. ஆகவே சாதாரண ஸ்பானரின் இணையான தாடைகள் அதைப் பற்ற முடியாது. கண்டவர்கள் திறந்து நீரை வீணாக்கக் கூடாது என்பதே நோக்கம். இது நியாயமானதுதான்.

ஆனால் குடிநீர்ப் பம்பு விஷயம் வேறு. 1970களில் உருவாகிக் கோவைப் பகுதியில் சோதிக்கப்பட்ட இந்தியா மார்க்-2 பம்பு மிக உறுதியானது. அதன் மேற்பகுதிக்குச் சாதாரண ஸ்பானர் போதும். தரைக்குக் கீழே உள்ள பகுதிதான் கடினம். பெரம்பலூர் போன்ற கடும்பாறைப் பகுதியில் சிலிண்டர் 30 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொள்வோம். குழாய் ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம். சிலிண்டருக்குள் தேய்ந்துபோன ஒரு சிறு வாஷரை மாற்றப் பத்துக் குழாய்களையும் தூக்க வேண்டும். அதற்குக் குழாயை நழுவாமல் பிடிக்கும் கிளாம்ப், தூக்கும் ஸ்பானர்கள், கம்பியைப் பற்றும் வைஸ் எனத் தனிக் கருவிகள் வேண்டும். இவை கிராமத்தில் இருப்பதில்லை. வண்டியில் குழுவோடு வர வேண்டும். வண்டி வரும் வரை பெண்கள் குடத்துடன் தொலைவுக்கு நடக்கிறார்கள்.

இக்குறையை நீக்க 1980களில் அதே கோவைப் பகுதியில் ஆய்வு நடந்தது. அதன் பயனாக வந்த இந்தியா மார்க்-3 பம்பில் குழாயின் உள்விட்டம் பெரிது. ஆதலால் குழாயைத் தூக்காமலே பிஸ்டனை மேலே இழுத்துவிடலாம். ஆப்பிரிக்காவில் உருவான ஆஃப்ரிடெவ் பம்பின் வழக்கமான பராமரிப்புக்கோ ஒரே ஒரு ஸ்பானரும் ஒரு கொக்கிக் கம்பியும் போதும். கருவி குறைந்தால் பழுது பார்க்கும் கைகள் பெருகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கருவிகளை ஊரில் வைத்தால் காணாமற் போகும் என்று சிலர் கூறுவர். சாவியை ஊராட்சி அலுவலகத்தில் வைத்து, எடுப்பவர் பெயரை ஏட்டில் குறித்தால் போதும். காணாமற்போன ஸ்பானரை மீண்டும் வாங்கலாம். கோடையில் நின்றுபோன பம்புக்கு அன்றைய தண்ணீரை யாரும் திருப்பித் தர இயலாது. எனவே பம்பு நிறுவப்படும்போதே அதற்குரிய கருவிகளும் பயிற்சியும் அந்த ஊருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நாளை உங்களில் சிலர் பொறியாளர் ஆவீர்கள். ஒரு போல்ட்டை வரைபடத்தில் குறிக்கும்போது அதன் வலிமையைக் கணக்கிடுவீர்கள். அத்துடன், “இதைக் கழற்றும் ஸ்பானர் அந்த ஊரில் யாரிடம் இருக்கும்?” என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.