ஓடைக்கு மூடி உண்டா?

காசர்கோட்டு முந்திரிக் காடுகளின் மீது ஹெலிகாப்டரில் பறந்து என்டோசல்ஃபான் தெளித்தார்கள். ஓராண்டு ஈராண்டல்ல, 1970களின் பிற்பகுதியில் தொடங்கி 2000ஆம் ஆண்டு வரை! தெளித்தது தனியார் முதலாளியுமல்ல, கேரள அரசுக்குச் சொந்தமான தோட்டக் கழகம். தேயிலைக் கொசு என்னும் பூச்சியை ஒழிக்கவாம். பூச்சி ஒழிந்ததோ இல்லையோ, ஓடையில் மீன் செத்தது, தவளைக் குரல் அடங்கிற்று, தேனீ அற்றுப் போயிற்று என்று ஊரார் முறையிட்டனர். ஊனமாகப் பிறந்த கன்றுகளைப் பற்றி 1979ஆம் ஆண்டு வாக்கிலேயே பத்திரிகையாளர் ஸ்ரீபத்ரே எழுதினார். கேட்பார் யார்?

விதி இல்லாமலில்லை. தெளிக்கும்போது நீர்நிலைகளை மூடி வைக்க வேண்டுமாம்! கிணற்றை மூடலாம், தொட்டியை மூடலாம். ஓடைக்கு மூடி எந்தக் கடையில் விற்கிறது? தோட்டம் மேட்டிலே, குடியிருப்பும் ஓடையும் பள்ளத்திலே. மழை பெய்தால் மேட்டு நஞ்சு எங்கே வந்து சேரும் என்பதைப் பள்ளிச் சிறுவனும் சொல்வான். பாதிக்கப்பட்ட ஊர்களில் ஒன்றின் பெயர் ஸ்வர்க்கா. சொர்க்கம்!

இந்த நஞ்சு ஒரு கோடி லிட்டர் தண்ணீரில் பத்துக் கிராம் கலந்தால் போதும், ட்ரவுட் போன்ற மீன்கள் மடியும். இதைத்தான் 'மருந்து' என்கிறோம்.

மீன் செத்தால் கண்ணுக்குத் தெரிகிறது. கல்லுக்கடியில் கிடக்கும் புழு செத்தால் யார் அழப்போகிறார்கள்? ஆனால் ஓடையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உதிர்ந்த இலையைக் கடித்துத் துண்டாக்குவது சில பூச்சிகளின் இளம்புழு. அந்தப் புழுவைத் தின்று வளர்வது மீன். தட்டானின் குஞ்சோ நீருக்குள் கொசுப்புழுவைத் தின்கிறது. பயிருக்குப் பகையான பூச்சியைக் கொல்லும் நஞ்சு, இந்தப் பூச்சியை மட்டும் உறவென்று விட்டுவிடுமா?

சட்டதிட்டங்களுக்குப் பேர்போன ஜெர்மனியிலும் கதை இதுவே. 2018, 2019ஆம் ஆண்டுகளில் வயல்களூடே ஓடும் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றோடைகளை ஆராய்ந்தார்கள். 81 விழுக்காட்டு ஓடைகளில் நஞ்சு வரம்பு மீறியிருந்தது. வழக்கம்போல நாள் குறித்துக்கொண்டு எடுத்த நீரைவிட, மழை பெய்தவுடன் எடுத்த நீரில்தான் உண்மை வெளிப்பட்டது. அந்த வரம்பே ஓடைப் பூச்சிகளைக் காக்கப் போதாதது என்றும் ஆய்வாளர் கண்டனர். ஆய்வுக்கூடத் தொட்டியில் ஒரு நஞ்சை ஓர் உயிர்மீது சோதித்து அனுமதி வழங்குகிறார்கள். ஓடைக்கு வருவதோ பல நஞ்சுகளின் கூட்டுக் கலவை!

என்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் தடுத்தது. பாதிக்கப்பட்டோருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வழங்குமாறு 2017இல் ஆணையிட்டது. நியாயம். ஆனால் ஒரு நஞ்சு போனால் இன்னொன்று கடைக்கு வருகிறது. கடன்பட்டு அதை வாங்கும் உழவனைக் குற்றம் சொல்வது வீண். கடைக்காரன் சொன்னதுதான் அவனுக்குக் கிடைத்த ஆலோசனை.

தெளிப்புக் காலத்தில், மழை பெய்த மறுநாளே, ஓடை நீரை எடுத்துச் சோதியுங்கள். அதில் வாழும் பூச்சிகளையும் எண்ணுங்கள். கணக்கை ஊராட்சிப் பலகையில் எழுதுங்கள் என்று ஆளவந்தாரைக் கேட்கிறோம். செலவுக்குப் பணமில்லை என்பார்களானால், நஞ்சு விற்றுப் பணம் குவிப்பவர்களிடம் வாங்கட்டும்.