எக்ஸ்றேயில் ஒன்றுமில்லையாம்!



எங்கள் மாதர் சங்கத்துச் சகோதரி ஒருவருக்குத் திடீரென வயிற்றுக்குத்து. அவசரமாக எக்ஸ்றே எடுத்தார்கள். வைத்தியர் வாட்டில் தங்கச் சொன்னார். வீட்டாரோ, "எக்ஸ்றேயில் ஒன்றுமில்லையாம்" என்று கையொப்பமிட்டு அழைத்து வந்துவிட்டார்கள். "வேலைக்குப் பஞ்சிப்பட்டுப் படுத்திருக்கிறா" என்றார் மாமியார். இரண்டாம் நாள் குடல்வளரி வெடித்து, சத்திரசிகிச்சை செய்து, அவர் உயிர் தப்பியதே பெரும்பாடு.

எக்ஸ்றே படத்தில் காற்று கறுப்பாகவும் எலும்பு வெள்ளையாகவும் தெரியும். குடல், ஈரல், கருப்பை போன்றவை ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். ஆகவே காற்று இடம் மாறும் நோய்களையே அது நன்றாகக் காட்டும். இரைப்பைப் புண் துளைத்தால் வெளியேறும் காற்று பிரிமென்றகட்டின் கீழ் பிறைபோலத் தெரியும். வயிற்று வலிக்கு நெஞ்சுப் படம் எடுப்பது இதற்காகத்தான். ஆனாலும் துளை விழுந்த எல்லோரிலும் அது தெரிவதில்லை. குடல் அடைபட்டால் காற்று நிரம்பி வீங்கும்; சிறுகுடல் 3 சென்ரிமீற்றருக்கு மேல் விரிந்திருந்தால் சந்தேகிப்பார்கள். குழந்தை விழுங்கிய நாணயமும் பற்றரியும் தெரியும்.

குடல்வளரி அழற்சியும், பெரும்பாலான பித்தக்கற்களும், கருக்குழாயில் தங்கிய கருவும் இதில் அகப்படா. அதற்காகத்தான் வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும், இரத்தம், சிறுநீர் சோதிப்பதும், ஸ்கான் எடுப்பதும். எக்ஸ்றே எடுக்கவில்லையே என்று குறைப்படவும் வேண்டாம். தேவையற்ற கதிர் உடலுக்கு நல்லதல்ல.

சகோதரிகளே, மாதவிடாய் பிந்தியிருந்தால் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்றே எடுக்குமுன் அது தெரிய வேண்டும். அடிவயிற்று வலியுடன் மயக்கமும் வந்தால் அது உயிராபத்தாகவும் இருக்கலாம். வலி கூடினால், வயிறு கல்லுப்போல் இறுகினால், வாந்தி நிற்காவிட்டால், காய்ச்சல் வந்தால், காற்றோ மலமோ போகாவிட்டால் உடனே திரும்பவும் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பேதிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

"ஒன்றுமில்லை" என்பது அந்தப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பது மட்டுமே. வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், முதலில் அவளை நம்புவோம்.