பாதி வழியில் நின்ற திருப்பாடல்

"நாள்தோறும் வேதம் வாசிக்கிறேன், சாமி. புத்தகத்தை மூடியவுடன் எல்லாம் மறந்துபோகிறது. என்ன செய்வது?" சென்ற மாதம் ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு குடும்பத்தாய் இவ்வாறு கேட்டார். பாவசங்கீர்த்தனத் தொட்டியின்முன் முழங்காலிட்டுச் சொல்வதுபோல அத்தனை தாழ்ந்த குரலில் கேட்டார். இக்கேள்விக்கு விடை சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக உண்டா என்பது ஐயமே. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மழைக்கால இரவொன்றில், கிளைக் கிராமத்திலிருந்து ஆள் வந்தது. முதியவர் ஒருவர் இறக்கும் தறுவாயில் இருந்தார். தைலத்தையும் நற்கருணையையும் எடுத்துக்கொண்டு விரைந்தேன். ஊரில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றே துணை. நோயில்பூசுதலை நிறைவேற்றி முடித்ததும், "அப்பாவுக்குப் பிடித்த ஆயன் சங்கீதத்தைச் சொல்லுங்க, சாமி" என்று மகன் வேண்டினார். என் கையிலிருந்த நூலோ மழையில் நனைந்து, தாளோடு தாள் ஒட்டிக் கிடந்தது. குருமடத்திலேயே மனப்பாடம் செய்த பாடல்தானே என்ற துணிவில் தொடங்கினேன். புல்வெளியைக் கடந்தேன், நீர்நிலையைக் கடந்தேன், நேரிய வழியில் சிறிது தொலைவு நடந்தேன். இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கின் வாயிலில் நின்றுவிட்டேன். அடுத்த சொல் வரவில்லை.

கட்டிலின் காலடியில் அமர்ந்திருந்த அவருடைய மனைவி, எழுத்தறியாதவர், பழைய மொழிபெயர்ப்பின் சொற்களில் அதைத் தொடர்ந்து இறுதிவரை சொன்னார். நான் அவர் பின்னே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீடு திரும்பும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆயினும், 'ஏன் அந்த இடத்தில் நின்றேன்?' என்ற கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் நூலை விரித்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. பாடலின் முற்பகுதி முழுவதும் பாடுகிறவர் ஆண்டவரை 'அவர்' என்று படர்க்கையில் சொல்கிறார். பள்ளத்தாக்கில் கால் வைத்த கணமே 'நீர்' என்று முன்னிலைக்கு மாறிவிடுகிறார். பகலில் தன் தந்தையைப் பற்றித் தோழரிடம் பெருமை பேசிக்கொண்டு நடக்கும் சிறுவன், இருட்டுப் பாதை வந்ததும் பேச்சை விட்டு, "அப்பா!" என்று கையைப் பற்றிக்கொள்வதில்லையா? பாட்டின் போக்கு அங்கே திரும்புகிறது. நானோ திருப்பத்தை அறியாமல் சொற்களை மட்டும் உருப்போட்டிருந்தேன். ஆகவே திருப்பத்தில் வழி தவறினேன். அந்த மூதாட்டிக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் இருட்டில் யாரை அழைப்பது என்பது தெரிந்திருந்தது.

அதன்பின் அப்பாடலை ஒரு நாள் பயணமாகவே மனத்தில் வைத்துக்கொண்டேன். புல்வெளி, நீர்நிலை, வழி, பள்ளத்தாக்கு, பந்தி, வீடு. வழிநடத்திய ஆயன் பிற்பகுதியில் விருந்தளிப்பவராகிறார். பந்தி விரிக்கிறார், தலையில் எண்ணெய் பூசுகிறார், கிண்ணத்தை நிரப்புகிறார். இடங்கள் நினைவில் இருந்தால் சொற்கள் தாமே வந்து சேர்கின்றன. இன்றுவரை அது என்னிடம் நின்றுபோனதில்லை.

அத்திருப்பாடலின் எண் 23 என்று இன்றைய பிள்ளைகள் உடனே சொல்வார்கள். அவர்களுடைய பாட்டியைக் கேட்டால் 22 என்று சொல்லக்கூடும். இருவர் சொல்வதும் சரியே. கிரேக்க, இலத்தீன் பதிப்புகள் 9, 10 ஆகிய இரண்டையும் ஒரே பாடலாகக் கொண்டதால், அவற்றைப் பின்பற்றிய பழைய கத்தோலிக்க நூல்களில் எண் ஒன்று குறைவாக இருக்கும். அதிகார எண்களும் வசன எண்களும் மறைநூலை எழுதியோர் இட்டவை அல்ல. இன்றைய அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்னும் பேராசிரியரால் அமைக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. இவரே பின்னர் கான்டர்பரியின் பேராயரானார். புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551இல் இராபர்ட் எஸ்தியேன் என்னும் அச்சகத்தார் இட்டார். நம் ஆண்டவரிடம் எண்கள் ஏது? உயிர்த்தெழுதலை மறுத்த சதுசேயருக்கு மறுமொழி கூறும்போது அவர், மோசேயின் நூலில் முட்செடியைப் பற்றிய பகுதியை வாசித்ததில்லையா என்றே கேட்டார். முட்செடி என்றாலே கேட்டவர்களுக்கு இடம் விளங்கிவிட்டது. விவிலிய வினாடி வினாவில் எண் சொல்லும் சிறுவர்க்குப் பரிசு வழங்கியவர்களில் நானும் ஒருவன். ஆகவே யாரையும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. எண் தேடுவதற்கு உதவும். மனத்தில் தங்குவது முட்செடிதான்.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போகிறது. பத்து நாணயங்களில் ஒன்று. பின்பு இரண்டு மக்களில் ஒருவன். நூறு, பத்து, இரண்டு: இதைக் குழந்தையும் மறவாது. எண்ணிக்கை குறையக் குறைய இழப்பின் வலி கூடுவதைக் கவனியுங்கள். இன்னும் சற்று நின்று பார்த்தால் வேறொரு கேள்வியும் எழும். இருவரில் காணாமற்போனவன் இளையவன் மட்டும்தானா? மூத்தவன் கதவுக்கு வெளியே நிற்கிறான். தந்தை வெளியே வந்து அவனையும் அழைக்கிறார். அவன் உள்ளே சென்றானா என்பதை ஆண்டவர் சொல்லாமலே விட்டுவிட்டார். ஒருமுறை இதை உணர்ந்து வாசித்தவர் அந்த அதிகாரத்தை எப்படி மறப்பார்?

நினைவுக்காகவே அமைந்த பகுதிகளும் உண்டு. 119ஆம் திருப்பாடல் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளில் எழுத்துக்கு எட்டாக 176 வசனங்கள் கொண்டது. ஆத்திசூடியை அகர வரிசையில் கற்ற நமக்கு இம்முறை புதிதன்று. மொழிபெயர்ப்பில் அந்த அழகு மறைந்துவிடுவது வருத்தமே.

இல்லங்களில் செய்யத்தக்கது ஒன்று. சனிக்கிழமை இரவு, செபமாலைக்குப் பின், மறுநாள் நற்செய்தியை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். பிறகு நூலை மூடிவிட்டு, எந்த இடம், யார் யார் இருந்தார்கள், எங்கே பேச்சு திரும்பியது என்று ஒவ்வொருவரும் தம் சொற்களில் சொல்லட்டும். வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் முதலில் சொல்லட்டும். அவர்கள் சொல்வது பெரும்பாலும் நன்றாக இருக்கும். நடுவே திருத்தாதீர்கள்.

எந்த நற்செய்தி வரும் என்று அறிய எளிய கணக்கு உண்டு. 1969 முதல் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. ஆண்டின் எண்ணை 3ஆல் வகுங்கள். மீதி 1 என்றால் மத்தேயு. 2 என்றால் மாற்கு. மீதியின்றி வகுபட்டால் லூக்கா. 2025 மீதியின்றி வகுபடும். அது லூக்கா ஆண்டு. திருவருகைக் காலத் தொடக்கம் முதல் டிசம்பர் இறுதிவரை வரும் ஞாயிறுகளில் மட்டும், வரப்போகும் ஆண்டின் எண்ணைக் கொள்ளவேண்டும். யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை. பெரும்பாலும் பாஸ்கா காலத்தில் அவரைக் கேட்கிறோம்.

கேள்வி கேட்ட தாயிடம் இத்தனையும் சொல்லவில்லை. அவருக்கு வீட்டுக்கு நேரமாகிவிட்டது. "இனி வாசித்து முடித்ததும் எந்த இடம், என்ன கண்டீர்கள் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள், அம்மா" என்றேன். அடுத்த ஞாயிறு கோவில் வாயிலில் என்னைக் கண்டதும், "கிணற்றடி, உச்சிவெயில், விட்டுப்போன குடம்" என்றார். எந்த அதிகாரம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.