கல்லை எண்ணுவதா, கடையை எண்ணுவதா?

சிறுபட்டினங்களுக்குப் புத்துயிர் அளித்துவிட்டோம் என மார்தட்டுகின்றனர் அதிகாரிகள். அளவுகோல் யாது? கொட்டிய சீமெந்து, செலவழித்த பணம், திரைநீக்கிய பெயர்க்கல்! மருந்துச் செலவைக் காட்டி, நோயாளி பிழைத்தான் என்று வைத்தியர் வாதிடலாமோ?

2000ஆம் ஆண்டுப் போரிற் சிதைந்த சாவகச்சேரியை எடுத்துக்கொள்வோம். தென்மராட்சியின் பலாவும் மாங்கனியும் தேங்காயும் வந்து குவியும் சந்தை அது. அங்கே பூட்டிக்கிடக்கும் கடைகள் எத்தனை? விளைபொருளை விற்ற கமக்காரன் அவ்வூரிலேயே செலவிட்டுச் செல்வது எவ்வளவு? இவையன்றோ கேட்கத்தக்க வினாக்கள்!

இவ்வாறு எண்ணுவது புதுமையன்று. அமெரிக்காவில் 1977இல் கேல்ஸ்பர்க், மடிசன், ஹொட் ஸ்பிரிங்ஸ் எனும் மூன்று சிறு நகர்களின் கடைத்தெருக்களில் தொடங்கிய சீரமைப்புத் திட்டம் பின்னர் நாடெங்கும் பரவிற்று. திறந்த கடைகளிலிருந்து மூடிய கடைகளைக் கழித்தே அங்கு கணக்கெழுதுகின்றனர். கழித்தல் நம் அலுவலர்க்கு ஏனோ கசக்கின்றது!

பணத்துக்கு எங்கே போவது என்பர். கொழும்பு மானியத்தை வாய்பார்த்திருப்பது போதும். சோலைவரியும் சந்தைக் குத்தகையும் யார் பணம்? 2023 பங்குனி முதல் 2025 வைகாசித் தேர்தல்வரை உள்ளூராட்சி மன்றங்கள் உறுப்பினரின்றி அதிகாரிகள் கையில் இருந்தன. அன்று கேட்க ஆளில்லை, இன்று உண்டு. சந்தை வருமானத்தில் ஒரு பங்கு சந்தைக்கே என மன்றங்கள் தீர்மானிக்கட்டும். கடைக்கணக்கை ஆண்டுதோறும் வாயிலில் ஒட்டட்டும். ஒட்ட மறுத்தால், சட்டத்தரணியும் கணக்காளரும் கமக்காரரும் ஒன்றாகச் சென்று, வரிப்பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காரணம் கேட்கட்டும்.